மொதல்ல நாமளான்னு பாப்போம்

அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் இடுப்பைத்தான் பார்ப்பார். பெல்ட்டில் பக்கிள் இருக்கிறதா, சாவிக்கொத்து தொங்குகிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் சட்டைப்பை. அதற்கும் அப்புறம்தான் முகம். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னதான் நடக்கிறது என்று விசாரிக்க வந்தவர், நெளிந்துபோய்க் கேட்டேவிட்டார்: "என்னம்மா அப்படிப் பாக்கிய?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, இரும்பு ஏதும் வச்சிருக்கியளான்னு பாத்தேன்."

தன்னிடம் அரிவாள் இருக்கிறதா என்று சோதிப்பதாக அவர் நினைத்துவிட்டார். கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது போன் வரும். "தம்பி, நீ எழுதுனது என்னையத்தானா? நல்லா யோசிச்சுப் பாத்தியா?" என்று கேட்பார். அப்படிப்பட்ட ஆள். அவர் இங்கிருந்து போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் திரும்பவில்லை.

நாங்கள் இருந்தது தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற கடற்கரை ரோட்டில். உப்பளங்களைத் தாண்டி ஒரு பழைய உப்புக் கிட்டங்கியை, அதாவது கிடங்கை, வாடகைக்கு எடுத்து ஆய்வுக்கூடம் ஆக்கியிருந்தோம். மொத்தம் மூன்று பேர். நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர்தான் தலைவி. லேசரும் லென்சும் மணப்பாட்டுக்காரர் ஒருவர் பொறுப்பு. மைக்ரோவேவ், மின்னணுச் சங்கதிகள் என் பொறுப்பு. ஊருக்குள் நல்ல கட்டடங்கள் கிடைக்கத்தான் செய்தன. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் கிரேன் நகர்ந்தால், கன்டெய்னர் லாரி திரும்பினால், நிலக்கரி வேகன் போனால் எங்கள் கருவி துள்ளிக் குதிக்கும். இந்தக் கிட்டங்கியில் விட்டமெல்லாம் பனங்கை, பனைமரச் சட்டம். இருந்த கொஞ்ச நஞ்ச இரும்பையும் உப்புக்காற்று தின்று தீர்த்திருந்தது. அக்கா உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்த உடனே, இதுதான் என்று சொல்லிவிட்டார்.

என் அப்பா தூத்துக்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஆணி, போல்ட், கம்பி, தகரம். அக்காவுக்கு அது தீராத தமாஷ். நான் காலையில் உள்ளே வந்தால், "இன்னைக்குக் கடைக்குப் போய்ட்டா வார?" என்று கேட்டுவிட்டு, சட்டையை உதறச் சொல்வார். ஒருநாள் நிஜமாகவே பையிலிருந்து ஒரு வாஷர் விழுந்தது. அன்று முழுவதும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் எரிச்சல்.

எங்கள் கருவியின் உயிர் ஒரு வைரம். வைரம் என்றதும் நகைக்கடை ஞாபகம் வரும். வீட்டில் சொன்னபோது என் அத்தை எத்தனை காரட் என்றுதான் கேட்டாள். இது கடலைப்பருப்பில் பாதிகூட இருக்காது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது, கலங்கலான ரோஸ் நிறம். வைரம் என்பது முழுக்கக் கரி அணுக்கள். அதில் அங்கங்கே ஒரு கரி அணுவுக்குப் பதில் நைட்ரஜன் அணு புகுந்து, அதன் பக்கத்து இடம் காலியாக இருந்தால் அது ஒரு குறை. அந்தக் குறைதான் எங்களுக்கு வேண்டியது. பச்சை லேசரை அடித்தால் அந்த இடங்கள் சிவப்பாக ஒளிரும். கூடவே மைக்ரோவேவைச் சரியான அலைவரிசையில் கொடுத்தால் அந்தச் சிவப்பு துளி மங்கும். பக்கத்தில் காந்தப்புலம் இம்மி மாறினாலும், மங்குகிற அந்த அலைவரிசை நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் காந்தப்புலத்தை அளந்துவிடலாம். இவ்வளவுதான் விஷயம்.

என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "தோசமுள்ள வைரத்த வச்சுக்கிட்டு என்னலே ஆராய்ச்சி? குடும்பத்துக்கு ஆகாதே" என்று பதறினாள். அக்காவிடம் சொன்னேன். "உங்க அம்மா சரியாத்தான் சொல்லுதாக. அந்தத் தோசத்துக்குத்தான இவ்வளவு பாடு" என்றார்.

நாங்கள் பிடிக்க நினைத்தது மனித இதயத்தின் காந்தப்புலத்தை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தில் மின்சாரம் ஓடுகிறது, அதனால் நெஞ்சுக்கு வெளியே மெல்லிய காந்தப்புலம் உண்டாகிறது. பூமியின் காந்தப்புலத்தில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதைக் கேட்பது என்பது, மீன் ஏலக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு தூங்குகிற குழந்தையின் மூச்சைக் கேட்கிற மாதிரி. அதற்கு இரண்டு வழி. ஒன்று காதைக் கூர்மையாக்குவது. இன்னொன்று ஏலக் கூடத்தை அடக்குவது. முதல் வழியில் நாங்களும் முடிந்ததைச் செய்தோம். வைரத்தின் பக்கங்களைப் பளபளப்பாக்கி, சிதறி வீணாகிற சிவப்பு ஒளியைக் கூடுதலாகச் சேகரித்தோம். ஆனால் அக்காவின் மனசெல்லாம் இரண்டாவது வழியில்தான். லேசர் கொஞ்சம் படபடத்தால் அதன் ஒளியிலேயே ஒரு பங்கைத் தனியே பிரித்து, அந்தப் படபடப்பைக் கழித்தார். வைரம் சூடேறினால் அதுவும் காந்தப்புலம் மாதிரியே வேஷம் போடும். இரண்டு அலைவரிசையில் பார்த்து வேஷத்தைக் கலைத்தார். பக்கத்தில் இன்னொரு வைரத்தை வைத்து, இரண்டுக்கும் ஒரேபோலத் தெரிவதையெல்லாம் வெளியாள் என்று தள்ளினார்.

இவ்வளவுக்கும் பிறகு திரையில் ஏதாவது மேடு எழும்பினால், மற்றவர்கள் அதை இரைச்சல் என்று சொல்லிவிட்டு, ஆயிரம் அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்துக் கரைத்துவிடுவார்கள். அக்கா அந்த வார்த்தையையே சொல்ல மாட்டார். "இது யாரோ ஒரு ஆளு" என்பார். பிறகு அந்த ஆளைத் தேடிக் கிளம்புவார். அந்தத் தேடல் எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். "மொதல்ல நாமளான்னு பாப்போம்."

ஒரு வாரமாகத் திரையில் ஒரு மேடு வந்து போய்க்கொண்டிருந்தது. நான் ரோட்டில் போகிற உப்பு லாரி என்றேன். மணப்பாட்டுக்காரர் கடலில் போகிற வள்ளத்து இன்ஜின் என்றார். அக்கா என்னை எழுந்து நடக்கச் சொன்னார். நடந்தேன். மேடு நடந்தது. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தது. "தம்பி, இடுப்புல என்ன கட்டிருக்க?" என்றார். எனக்குக் காது சிவந்துவிட்டது. அரைஞாண் கயிற்றில் அம்மா கட்டிவிட்ட தாயத்து. வெளியே செம்பு, உள்ளே என்னவோ இரும்புத் துண்டு வைத்துச் சுருட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக்குள் போய்க் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். மணப்பாட்டுக்காரர் பல மாதம் அதைச் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கினார்.

இந்தக் குணம் கருவியோடு நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. லேசருக்குப் போடுகிற கண்ணாடி ஒன்று காணாமல் போனபோது நாங்கள் இருவரும் வாட்ச்மேனைத்தான் சந்தேகப்பட்டோம். அக்கா எங்கள் பைகளைக் கொட்டச் சொன்னார். மணப்பாட்டுக்காரரின் டிபன் பைக்குள் கிடந்தது. அக்காவின் கணவர் கப்பலில் இன்ஜினியர், பாதி வருஷம் கடலில் இருப்பார். போனில் சண்டை வரும். பேசி முடித்ததும் அக்கா கிட்டங்கிக்குப் பின்னால் போய், உப்பளத்து வரப்பில் கொஞ்சநேரம் நடந்துவிட்டு வருவார். தப்பு தன் பேரில்தானா என்று பார்ப்பதற்கு. சில நாள் முகம் தொங்கிப்போய் வந்து, உடனே அவருக்குப் போன் போடுவார். ஒருநாள் மட்டும் நல்ல தெம்பாக வந்தார். "நல்லாப் பாத்துட்டேன் தம்பி, இந்தத் தடவ நான் இல்ல, அவருதான்."

எல்லா நேரமும் சிரிக்க முடியாது. உண்மையைச் சொன்னால் பல நாள் எனக்கு அக்காமேல் கோபம்தான் வந்தது. நாங்கள் லேசர் படபடப்பைக் கழித்த முறையை எழுதி அனுப்பியிருந்தால் பெயர் கிடைத்திருக்கும். இன்னும் ஒருமுறை பார்ப்போம், இன்னும் ஒருமுறை பார்ப்போம் என்று அக்கா இழுத்தடித்தார். அதற்குள் வேறெங்கோ ஒரு குழு அதையே செய்து வெளியிட்டுவிட்டது. மணப்பாட்டுக்காரர் அன்று மேஜையில் ஓங்கிக் குத்திவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா, குத்தியதில் நகர்ந்துபோன லென்சைத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அக்காவின் ஊர் ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம். நெல் வயல், வாழை. அம்மா இல்லை. அப்பா தனியாக இருந்தார். நெஞ்சு வலி வந்து ஒருமுறை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அப்போது அக்கா வெளிநாட்டில் நல்ல வேலையில் இருந்தார். அப்பா வீட்டை விட்டு எங்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அந்த வேலையை விட்டுவிட்டு, இங்கேயே இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர். வாரக் கடைசி ஆனால் ஊருக்குப் போய்விடுவார். அனுமதி முதல் கட்டத்துக்கு மட்டும்தான். அதன் முடிவில் அனுமதி கொடுத்தவர்களின் குழு ஒன்று வந்து பார்க்கும். இதயத் துடிப்பைக் காட்டினால் ஆய்வுக்கூடம் தொடரும். காட்டாவிட்டால் கருவிகள் வேறு ஊருக்குப் போகும், நாங்கள் மூன்று பேரும் மூன்று திசைக்கு. இந்த வேலையை அக்கா இந்த ஊரில் இருந்துகொண்டு செய்ய வேறு இடம் கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குழு வருவதற்குச் சில வாரம் முன்னால் துடிப்பு தெரிந்துவிட்டது.

ஒரு துடிப்பில் ஒன்றும் தெரியாது. இசிஜி ஒயரை மாட்டி, அது எழும்புகிற நேரத்தை வைத்து, நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்ட வேண்டும். முதலில் மணப்பாட்டுக்காரர் மரக்கட்டிலில் படுத்தார். ஒன்றும் இல்லை. தொந்தியால் இதயம் தூரத்தில் இருக்கிறது என்று முடிவு செய்தோம். நான் படுத்தேன். ஒன்றும் இல்லை. நான் நெளிகிறேன் என்றார்கள். அக்கா படுத்தார். ஒல்லியான உடம்பு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைபோலக் கிடப்பார். இரும்புக் கொக்கி ஆகாது என்று நூல் முடிச்சு வைத்துத் தைத்த ரவிக்கைகளைத்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போட்டு வருவார். வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். தாலிச் சங்கிலி தங்கம், அதனால் ஒன்றுமில்லை. கொஞ்சநேரத்தில் திரையில் புல் மாதிரி இருந்த கோடு அமர்ந்து, நடுவில் ஒரு மேடு எழும்பி நின்றது. மணப்பாட்டுக்காரர் "சேசுவே!" என்று கத்திவிட்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

அக்கா எழுந்து வந்து ரொம்பநேரம் பார்த்தார். "இசிஜிக்குக் கொஞ்சம் பிந்தி வருதே தம்பி?" என்றார். நொடியில் ஒரு சிறு பங்குதான் தாமதம். சிக்னலை வடிகட்டுகிற ஃபில்டரில் அவ்வளவு தாமதம் இருக்கும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னோம். "இருக்கும்" என்றார் அக்கா. அவ்வளவுதான். அன்று மட்டும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

குழு வந்தது ஒரு ஆடி மாதம். மூன்று பேர். தலைவர், எதையோ எழுதிக்கொண்டே இருந்த ஒருவர், ஒரு பேராசிரியை. காரை விட்டு இறங்கியதும் ஆடிக்காற்று அடித்த அடியில் அந்த அம்மாளின் முந்தானை பறந்தது. தோளில் குத்தியிருந்த ஊக்கு வாயைப் பிளந்துகொண்டு எங்கோ விழுந்துவிட்டது. முன் அறையில் அக்கா லேசர் படபடப்பைக் கழித்த விதத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பேராசிரியை மெதுவாகப் பக்கத்தில் வந்து கேட்டார்: "ஒரு ஊக்கு இருக்குமா?"

அக்கா பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே கழுத்துக்குக் கை போயிற்று. தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள்ளிருந்து இழுத்து, அதில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த வரைபடத்துக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளைக்குப் பலதடவை செய்கிற காரியம். அவசரத்துக்கு ஊக்கு எங்கே இருக்கும் என்றால் தாலியில் இருக்கும். அதை யாரும் தனியாக ஒரு பொருள் என்று பார்ப்பதில்லை. என் இடுப்புத் தாயத்தைக் கண்டுபிடித்தவர் அக்கா. ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்து, தாலியில் என்ன தொங்குகிறது என்று நானோ மணப்பாட்டுக்காரரோ எப்படிக் கேட்பது?

அக்கா உள்ளறைக்குப் போய்ப் படுத்தார். நாங்கள் முன் அறையில் திரைக்கு முன்னால். துடிப்புகள் அடுக்கிக்கொண்டே போயின. புல் புல்லாகவே இருந்தது. இன்னும் அடுக்கினோம். ஒன்றும் எழும்பவில்லை. மைக்ரோவேவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மணப்பாட்டுக்காரர் லேசரைப் பார்த்தார், சரியாக இருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தேன்: "அக்கா, இங்கன எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அசையாமக் கெடக்கியளா?"

"மொதல்ல நாமளான்னு பாப்போம் தம்பி" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வெளியே வந்தபோது அவருடைய கை நெஞ்சில் சங்கிலியைப் பிடித்தபடி இருந்தது. நேராகப் பேராசிரியையிடம் போனார். "மேடம், அந்த ஊக்கக் கொஞ்சம் திருப்பிக் குடுக்கியளா?" அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே தோளிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டார். அக்கா அதைத் தாலிச் சங்கிலியில் பழைய இடத்தில் கோத்துக்கொண்டு திரும்பப் போய்ப் படுத்தார்.

மேடு எழும்பியது. நாங்கள் என்றைக்கும் பார்க்காத அளவுக்கு அழகாக எழும்பியது.

தலைவர் கைதட்டினார். "எங்கேயோ லூஸ் காண்டாக்ட் போல! இப்போது வந்துவிட்டதே" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்திச் சிரித்தார். மணப்பாட்டுக்காரருக்கும் விளங்கவில்லை, முகமெல்லாம் பல். எனக்கு விளங்கிவிட்டது. இதயம் அடிக்கிறபோது நெஞ்சு மயிரிழை அசைகிறது. அதன்மேல் கிடக்கிற ஊக்கும் கூட அசைகிறது. அசைவு என்பதால்தான் மின்துடிப்புக்குச் சற்றுப் பிந்தி வந்தது. நாங்கள் இத்தனை நாள் கூட்டிக் கூட்டி எடுத்தது ஒரு இரும்பு ஊக்கின் ஆட்டத்தை.

இசிஜி ஒயரைக் கழற்றுகிற சாக்கில் உள்ளே ஓடினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒண்ணும் சொல்லாதிய. அவிய சந்தோசமாப் போகட்டும். பொறவு நாம பாத்துக்கிடுவோம்."

"பொறவு என்னத்தப் பாக்க? அதான் பாத்தாச்சே."

"அக்கா, அப்பாவ நெனச்சுப் பாருங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு வெளியே போனார். திரைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: "சார், இது என் இதயம் இல்ல. என் ஊக்கு."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அக்கா சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டி, ஊக்கைக் கழற்றி மேஜையில் வைத்து, பொறுமையாக விளக்கினார். வகுப்பு எடுக்கிற மாதிரி. தலைவரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மணப்பாட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தில், அக்காவை அடித்துவிடலாம் போல இருந்தது.

பேராசிரியைதான் முதலில் வாயைத் திறந்தார். முந்தானையை இன்னும் கையால் பிடித்தபடியே நின்றார். "கருவி முன்னைவிட எவ்வளவோ நுட்பமாகிவிட்டது என்பது உண்மைதானே? உண்மையான துடிப்பைப் பார்க்க இன்னும் எவ்வளவு காலம் வேண்டும்?"

"இப்ப இருக்கிறதுல இன்னும் பத்து மடங்கு அமைதி வேணும் மேடம். பாதித் தூரத்துக்கு வழி தெரியும். மீதிக்கு இன்னும் தெரியல."

"ஒரு வருஷம்? ஒரு வருஷம் என்று சொல்லுங்கள். அதை வைத்து நான் பேசிப் பார்க்கிறேன்."

அந்த அம்மாள் கை கொடுத்துத் தூக்கிவிடப் பார்க்கிறார் என்று வாட்ச்மேனுக்குக்கூட விளங்கியிருக்கும். தலைவர் பேனாவை மூடாமல் காத்திருந்தார். நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை.

"தெரியாது மேடம்" என்றார் அக்கா. "எனக்குத் தெரியாது."

தலைவர் பேனாவை மூடினார். இனித் தங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை, கருவிகளை ஒப்படைக்கத் தகவல் வரும் என்று மரியாதையாகத்தான் சொன்னார். கார்வரை போய் வழியனுப்பிய அக்கா, மறக்காமல் ஊக்கை எடுத்துப் போய்ப் பேராசிரியையிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டு, அக்காவின் கையைக் கொஞ்சநேரம் விடவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா, அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும் என்றார். இந்த நிலைமையில் பஸ்ஸில் அனுப்ப மனசு வரவில்லை. எங்கள் கடை வேனில் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஊக்கச் சொன்னது சரிக்கா. ஒரு வருசம்னு சொல்லிருக்கலாம்லா? அதுல என்ன பொய் இருக்கு?"

"தெரியாதத எப்பிடிச் சொல்ல?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதான். சொல்லிட்டுப் பொறவு பாத்துக்கிடுதான்."

அக்கா வாழைத் தோட்டங்களைப் பார்த்தபடியே சொன்னார். "துடிப்பு பிந்தி வந்துச்சுல்லா தம்பி, அன்னைக்கே எனக்கு உறுத்துச்சு. கேக்காம விட்டுட்டேன். ஏன்னு நெனைக்க? இங்கனயே இருந்துரணும்னு ஆசை. அந்த ஆசைதான் என்னையக் கேக்க விடல. இன்னொரு தடவ அதுக்கு எடம் குடுத்தா, அப்புறம் நான் எதப் பாத்தாலும் அது நெசமான்னு எனக்கே தெரியாமப் போயிரும்." கேட்ட பிறகும் என் கோபம் அப்படியே இருந்தது.

அக்காவின் அப்பா தொழுவத்தில் நின்றிருந்தார். மெலிந்த மனிதர், தோளில் துண்டு. மகள் திரும்பி வந்த வருஷம் அவர் ஒரு பசு வாங்கியிருந்தார். மகள் வாரா வாரம் வந்தால் நல்ல காப்பி கொடுக்க வேண்டுமாம், அதற்காக. நெஞ்சு வலிக்காரர் குனிந்து பால் கறக்கக் கூடாது என்று அக்கா எத்தனையோ தடவை சண்டை போட்டும் கேட்கவில்லை.

"வந்துட்டியாம்மா? பெரிய ஆளுகள்லாம் வந்தாகளா? நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"அப்பம் இங்கனதான இருப்ப?"

"இல்லப்பா. திரும்பப் போகணும். வெளிநாட்டுல பழைய எடத்துல இன்னமும் கூப்பிடுதாங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பசுவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார். "அப்பம் மாட்டக் குடுத்துரட்டா? ஒத்த ஆளுக்கு எதுக்கு?"

மத்தியானம் அத்தனை பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவர், அப்போது உடைந்துபோனார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அதுவரை இருந்த கோபம் எங்கே போனது என்றும் தெரியவில்லை.

"குடுக்காதீங்கப்பா" என்றார் அக்கா. "ஒரு வருசம் வச்சிருங்க. ஒரு வருசத்துல வந்துருவேன்."

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பசுவுக்குத் தண்ணீர் காட்ட வாளியை எடுத்துக்கொண்டு போனார்.